சீனாவின் இரு அரசுகளும் அங்கீகாரச் சிக்கலும்

ஒரே நாட்டுக்கு இரண்டு அரசுகள் உரிமை கோரும்போது எதை ஏற்பது என்ற சிக்கல் இருபதாம் நூற்றாண்டில் மிக நீண்ட காலம் இழுபட்டது சீனாவின் விஷயத்தில்தான். 1949 அக்டோபர் 1 அன்று மா சேதுங் பெய்ஜிங்கில் சீன மக்கள் குடியரசை அறிவித்தார். உள்நாட்டுப் போரில் தோற்ற சியாங் கை ஷேக்கின் கோமிண்டாங் அரசு டிசம்பரில் தைவான் தீவின் தைப்பே நகருக்குப் பெயர்ந்தது. முழுச் சீனாவுக்கும் தானே அரசு என்ற கோரிக்கையை மட்டும் அது விடவில்லை. பரம எதிரிகளான இந்த இரு தரப்பும் ஒன்றில் உடன்பட்டன: சீனா ஒன்றே, அதற்கு அரசும் ஒன்றே. இருவரையும் ஏற்றுக்கொண்டு ஒதுங்கிக்கொள்ளும் வழி மற்ற நாடுகளுக்கு அடைபட்டது இதனால்தான்.

சட்ட நூல்கள் சொல்லும் அளவுகோல் எளியது. நாட்டின் பெரும்பகுதி யார் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ, அந்தக் கட்டுப்பாடு நிலைக்கும் என்று தெரிகிறதோ, அவரே அரசு. அதை வைத்துப் பார்த்தால் 1949 முடிவிலேயே விடை கிடைத்துவிட்டது. ஆனாலும் அமெரிக்கா அதை ஒப்புக்கொள்ள 1979 ஆயிற்று. முடிவெடுத்தவர்களின் சொந்த எண்ணங்களும் அவ்வப்போதைய தேவைகளும் அளவுகோலைவிடக் கனமாக இருந்தன.

சோவியத் ஒன்றியம் அக்டோபர் 2 அன்றே பெய்ஜிங்கை அங்கீகரித்தது. கம்யூனிஸ்ட் அல்லாத நாடுகளில் முந்திக்கொண்டது பர்மா. இந்தியா 1949 டிசம்பர் 30 அன்று அங்கீகாரம் அளித்தது. டெல்லிக்குள் ஒரே குரல் இல்லை. கவர்னர் ஜெனரல் ராஜாஜியும் துணைப் பிரதமர் படேலும் அவசரம் வேண்டாம் என்று நினைத்ததாக கே. எம். பணிக்கர் தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். பணிக்கரின் நிலையே விசித்திரமானது: கோமிண்டாங் சீனாவில் இந்தியத் தூதராக இருந்த அவரே 1950இல் மக்கள் குடியரசுக்கும் தூதராகச் சென்றார். இலங்கையும் 1950 ஜனவரியில் அங்கீகரித்தது. 1952இல் ரப்பர் கொடுத்து அரிசி வாங்கும் ஒப்பந்தத்தைச் சீனாவுடன் செய்துகொண்டது. தூதரக உறவு தொடங்கியதோ 1957இல்தான். வயிற்றுப்பாட்டுக்கான வணிகம் தூதருக்காகக் காத்திருக்கவில்லை.

பிரிட்டனில் அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சர்ச்சிலின் கருத்து கவனிக்கத்தக்கது. தூதரக உறவு என்பது பாராட்டுப் பத்திரம் அல்ல, காரியம் நடப்பதற்கான வசதி என்பது 1949 நவம்பரில் அவர் நாடாளுமன்றத்தில் வைத்த வாதம். கம்யூனிசத்தின் கடும் எதிரியான அவரே சொன்னதால் அதற்கு எடை கூடியது. லேபர் அரசு 1950 ஜனவரி 6 அன்று அங்கீகாரம் அளித்தது. ஆனால் தைவானின் டாம்சுய் ஊரிலிருந்த தன் துணைத் தூதரகத்தை மூடவில்லை. பெய்ஜிங்கும் அதை மறக்கவில்லை. இரு தரப்பும் முழுத் தூதர்களை அனுப்பிக்கொண்டது 1972இல்தான்.

அங்கீகாரம் ஏட்டளவுச் சடங்கு அல்ல என்பதை, அப்போது பிரிட்டனின் ஆட்சியில் இருந்த ஹாங்காங்கின் காய் டாக் விமான நிலையத்தில் நின்ற 40 விமானங்கள் காட்டின. அவை சீன அரசின் விமான நிறுவனத்துக்குச் சொந்தமானவை. ஊழியர்கள் பெய்ஜிங் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். கோமிண்டாங் அரசு 1949 டிசம்பரில், அதாவது பிரிட்டன் பெய்ஜிங்கை ஏற்பதற்குச் சில வாரங்களுக்கு முன், அவற்றை அமெரிக்கத் தளபதி ஷென்னால்ட்டுக்கும் அவர் கூட்டாளிக்கும் விற்றுவிட்டது. ஹாங்காங் நீதிமன்றங்கள் பெய்ஜிங் பக்கம் நின்றன. மேல்முறையீட்டை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில் 1952இல் அதை மாற்றியது. விற்பனை நடந்த நாளில் பிரிட்டன் ஏற்றிருந்த சட்டபூர்வ அரசு கோமிண்டாங்தான். பின்னால் வந்த அங்கீகாரம் முன்னால் நடந்த விற்பனையைச் செல்லாததாக்காது என்றது தீர்ப்பு. சொத்து யாருடையது என்பதை ஒரு தேதி முடிவு செய்தது.

அமெரிக்கா தொடக்கத்தில் கதவை முழுக்கச் சாத்தவில்லை. 1950 ஜூனில் கொரியப் போர் மூண்டதும் அதிபர் ட்ரூமன் ஏழாவது கடற்படைப் பிரிவைத் தைவான் நீரிணைக்கு அனுப்பினார், கதவு மூடியது. இந்தப் போரிலும் அங்கீகாரச் சண்டைக்குப் பங்குண்டு. கோமிண்டாங் பிரதிநிதி ஐ.நா. பாதுகாப்புச் சபையில் அமர்ந்திருப்பதை எதிர்த்து சோவியத் தூதர் மாலிக் ஜனவரி முதல் கூட்டங்களைப் புறக்கணித்துவந்தார். அதனால் தென்கொரியாவுக்கு உதவும் தீர்மானம் வந்தபோது அதைத் தடுக்க அவர் அங்கே இல்லை.

ஐக்கிய நாடுகள் சபையில் சீனாவின் இடம், நிரந்தர உறுப்பினர் இடம் உட்பட, தைப்பேயிடமே இருந்தது. 1950கள் முழுவதும் பொதுச்சபை இந்த இடம் யாருக்கு என்ற கேள்வியை ஆண்டுதோறும் தள்ளிப்போட்டது. 1961 முதல் இது மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்படும் முக்கியப் பிரச்சினை என்றாக்கி அமெரிக்கா காலத்தை நீட்டியது. இதற்கிடையே, 1964 ஜனவரி 27 அன்று, அதிபர் டிகாலின் பிரான்ஸ் பெய்ஜிங்கை அங்கீகரித்தது. டிகாலுக்குச் சீனா கண்முன் நிற்கும் உண்மை. கொள்கை பிடிக்கிறதா என்பது வேறு விஷயம். பிரான்ஸ் தைப்பேயுடன் உறவைத் தானாக முறிக்கவில்லை. பிப்ரவரியில் முறித்துக்கொண்டவர் சியாங். உள்ளே இருந்து வாதாட வேண்டியவர் வெளிநடப்பு செய்தது பெரிய பிழை என்றே சொல்ல வேண்டும். அடுத்த பத்தாண்டுகளில் தைப்பே இழந்தவற்றில் பாதி இந்த வீம்பின் விலை.

பொதுச்சபையில் 1970இல் பெய்ஜிங்குக்கு முதன்முறையாகச் சாதாரணப் பெரும்பான்மை கிடைத்தது: 51க்கு 49. மறு ஆண்டு அக்டோபர் 25 அன்று அமெரிக்காவின் முக்கியப் பிரச்சினைத் தீர்மானம் 55க்கு 59 எனத் தோற்றது. கோமிண்டாங் பிரதிநிதிகள் வெளியேறினார்கள். பின்னர் சீனாவின் இடத்தைப் பெய்ஜிங்குக்கு அளிக்கும் 2758ஆம் தீர்மானம் 76க்கு 35 என நிறைவேறியது. 17 நாடுகள் நடுநிலை வகித்தன. சீனாவுடன் 1962இல் போரிட்ட இந்தியாவும் ஆதரித்தே வாக்களித்தது. அந்த வேளையில் அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸிஞ்சர் பெய்ஜிங்கில் இருந்தார். அமெரிக்கா எவ்வளவு முனைப்போடு தைப்பேக்காகப் போராடியது என்ற ஐயம் அன்றே எழுந்தது.

இதே காலத்தில் சொற்களில் சாமர்த்தியமும் தொடங்கியது. தைவான் தன் பகுதி என்ற சீனாவின் நிலைப்பாட்டைக் கனடா 1970இல் 'கவனத்தில் கொள்கிறது' என்று மட்டும் எழுதியது. ஜப்பான் 1972இல் 'புரிந்துகொண்டு மதிக்கிறது' என்றது. அமெரிக்கா 1979 ஜனவரி 1 முதல் பெய்ஜிங்கை ஏற்றுவிட்டு, ஏப்ரலில் தைவான் உறவுச் சட்டம் இயற்றித் தைப்பேயுடன் வேறு பெயரில் தொடர்பை நீட்டித்தது. சொத்துச் சிக்கலும் தொடர்ந்தது: ஜப்பானில் கியோட்டோ நகரின் கோக்காரியோ என்ற மாணவர் விடுதி எந்தச் சீனாவுக்குச் சொந்தம் என்று 1967இல் தொடங்கிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு 2007இல்தான் வந்தது.

1991இல் தைவான் அதிபர் லீ டெங் ஹுய் அவசரக்காலச் சட்டங்களை முடித்துவைத்து, பெய்ஜிங்கைக் கலகக் கும்பலாகக் கருதும் நிலையைக் கைவிட்டார். அங்கீகாரப் போட்டி அதோடு ஓயவில்லை. சிறு நாடுகள் இரு பக்கமும் பேரம் பேசின. பசிபிக் தீவான நவ்ரு 2002, 2005, 2024 என மூன்று முறை பக்கம் மாறியது. கடைசி மாற்றத்துக்குப் பின் தைப்பேயுடன் முழுத் தூதரக உறவு கொண்டிருந்தவை வத்திக்கான் உட்பட 12 மட்டுமே. மற்ற நாடுகள் வணிக, பண்பாட்டு மையம் என்ற பெயரில் காரியத்தை நடத்திக்கொள்கின்றன. தைப்பேயில் இந்தியாவுக்கு 1995 முதல் அப்படியொரு அலுவலகம் உண்டு. சென்னையில் தைவானின் மையம் 2012இல் திறக்கப்பட்டது.