செம்மலையில் நிகழ்ந்தது யாது? – ‘மொறோவிண்ட்’ கணினி விளையாட்டில் வரலாறும் அதிகாரமும்

1. பிரச்சினை

ஒரு நிகழ்ச்சியைப் பற்றி வமிசக்கதை ஒன்று கூற, கல்வெட்டு வேறொன்று கூறுமிடத்து, இரண்டையும் அருகருகே வைத்து வினாவுதல் வரலாற்று மாணவர்க்குப் பழகிய பணி. சான்றினை எழுதியவர் யார், எவரது ஆதரவில் எழுதினார், எதனைக் கூறாது விட்டார் என்பனவே அப்பணியின் அடிப்படை வினாக்கள். இவற்றைக் கணினி விளையாட்டொன்றின் முன்னே எழுப்புதல் வீண்வேலை எனக் கருதுவோர் உளர். வணிக நிறுவனமொன்று பொழுதுபோக்கிற்கென ஆக்கி விற்கும் பண்டத்தில் வரலாற்றுச் சிந்தனைக்கு இடமேது என்பது அவர்களது வாதம்.

அவ்வாதத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும், ஐக்கிய அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலத்தைச் சேர்ந்த பெதெஸ்டா நிறுவனம் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ‘மொறோவிண்ட்’ என்னும் விளையாட்டு அதனை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகின்றது. அதன் பிரதான கதை நாம் அறிந்த வீரகதைகளைப் போன்றதே. தீர்க்கதரிசனத்திற் கூறப்பட்ட வீரன் தோன்றித் தீயோனை அழிக்கின்றான். ஆனால் அக்கதைக்குப் புறத்தே, அவ்வுலகின் நூல்நிலையங்களிலும் மடங்களிலும் சிதறிக்கிடக்கும் ஏடுகளிலேதான் விளையாட்டின் பெறுமதி தங்கியுள்ளது. அவ்வேடுகளின் நடுவே ஒரு மரணம் இருக்கின்றது. அது கொலையா அன்றா என்பதே அவற்றுக்கிடையிலான வழக்கு. அவ்வழக்கினை ஆராய்ந்து, ‘எல்லாக் கூற்றுக்களும் ஒருவகையில் உண்மையே’ என விளையாடுவோர் பலர் கொள்ளும் முடிவு பொருந்துமா எனக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஏடுகளால் அமைந்த உலகு

‘எல்டர் ஸ்குரோல்ஸ்’ என்னும் வரிசையில் மொறோவிண்ட் மூன்றாவது. முதலாவதான ‘அரீனா’ 1994இலும், இரண்டாவதான ‘டாகர்போல்’ 1996இலும் வெளிவந்தன. எடுத்து வாசிக்கத்தக்க நூல்கள் விளையாட்டினுள்ளே இடம்பெறத் தொடங்கியது டாகர்போலிலேயாகும். 1998இல் வெளிவந்த ‘ரெட்கார்ட்’ என்னும் கிளை விளையாட்டுடன் சிறு கையேடொன்று வழங்கப்பட்டது. அவ்வுலகின் பேரரசு தன் மாகாணங்களைப் பற்றித் தானே எழுதிய பிரசார நூலாக அது அமைந்திருந்தது. அதன் ஓரங்களில் அப்பேரரசை வெறுக்கும் வாசகர் ஒருவர் கையால் எழுதிய குறிப்புக்களும் இடம்பெற்றன. ஆளுவோரின் கூற்றும் அதற்கான மறுப்பும் ஒரே தாளில் இருத்தல் என்னும் உத்தி இவ்வாறு தொடங்கியது.

மொறோவிண்டில் இவ்வுத்தி முதிர்ச்சி பெற்றது. டொட் ஹவார்ட் திட்டத்தலைவராகவும் கென் ரோல்ஸ்டன் தலைமை வடிவமைப்பாளராகவும் பணிபுரிந்த இவ்வாக்கத்தில் நூற்றுக்கணக்கான ஏடுகள் உள. ரோல்ஸ்டன், மேசையைச் சுற்றியிருந்து ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுக்களில் நீண்ட அனுபவம் உடையவர். மொறோவிண்டில் உரையாடல்களின் பெரும்பகுதி ஒலியாக அன்றி எழுத்தாகவே அமைந்தது. செல்லவேண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறி இல்லை. பாதையைப் பிறர் கூறக் கேட்டு, நாட்குறிப்பிற் பார்த்து, விளையாடுபவரே கண்டறிய வேண்டும். வாசிப்பு இங்கு அலங்காரமன்று, வாழும் வழி.

3. ஒரு மரணம், நான்கு சான்றுகள்

கதை நிகழும் இடம் வார்டன்பெல் என்னும் எரிமலைத் தீவு. அங்கு விவெக், அல்மலெக்சியா, சோத்தா சில் ஆகிய மூவரும் உயிருடன் உலவும் தெய்வங்களாக வழிபடப்படுகின்றனர். வசதி கருதி இவர்களை முத்தேவர் எனக் குறிப்பிடுவோம். பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் இவர்கள் மானிடரைப் போன்று இறக்கும் இயல்பினராய், நெரெவார் என்னும் தலைவனின் ஆலோசகராக இருந்தனர். செம்மலைப் போரில் டுவேமர் என்னும் இனம் முழுவதும் ஒரு கணத்தில் மறைந்தது, நெரெவார் மாண்டான், ஆலோசகர் மூவரும் தெய்வங்களாயினர். இவை எல்லாத் தரப்பினரும் ஏற்பன. இவற்றுக்கிடையிலான தொடர்பு யாது என்பதிலேயே சான்றுகள் பிரிகின்றன.

முதலாவது சான்று ஆலய நிறுவனத்தின் போதனை. நெரெவார் போர்க்காயங்களால் மாண்டு புனிதனானான் என்றும், மூவரும் தம் ஒழுக்கத்தாலும் ஞானத்தாலும் தெய்வநிலை எய்தினர் என்றும் அது கூறும்.

இரண்டாவது, ஆலயத்திற்கு அடங்காத நாடோடிகளான சாம்பல் நிலத்தாரின் வாய்மொழி மரபு. நெரெவாரின் கேடயத்துணைவன் ஒருவன் போருக்குப் பின்னர் அவர்களிடையே வந்து வாழ்ந்து கூறியதாக வழங்குவது. அசூரா என்னும் தெய்வத்தின் முன்னிலையில் நெரெவார் சடங்கு செய்ய முற்பட்டபோது மூவரும் நஞ்சிட்டு அவனைக் கொன்றனர் என்றும், லோர்கான் என்னும் மாண்ட தெய்வத்தின் இருதயத்திலிருந்து டுவேமரின் கருவிகளால் ஆற்றலைக் கவர்ந்தனர் என்றும் அது கூறும்.

மூன்றாவது விவெக்கின் சொந்த வாக்குமூலம். நெரெவார் காயங்களாலேயே மாண்டான் என அவர் சாதிக்கின்றார். ஆனால் அக்கருவிகளைப் பயன்படுத்துவதில்லையென மூவரும் நெரெவாரின் முன்னிலையிற் சத்தியம் செய்ததையும், சில ஆண்டுகளின் பின் அதனை மீறி இருதயத்தின் ஆற்றலைப் பெற்றதையும் ஒப்புக்கொள்கின்றார்.

நான்காவது, மைக்கேல் கேர்க்பிரைட் எழுதிய ‘விவெக்கின் முப்பத்தாறு பாடங்கள்’. விளையாட்டினுள்ளே இது விவெக்கின் சொந்தப் படைப்பாக வழங்கும். மேலோட்டமாக வாசிப்போர்க்கு இது தற்புகழ்ச்சியும் புதிரும் கலந்த சமயநூல். ஆயின் இருபத்தொன்பதாம் பாடத்திலுள்ள எண்களைத் திறவுகோலாகக் கொண்டு பாடந்தோறும் ஒரு சொல்லைப் பொறுக்கி எடுத்தால், எழுதியவர் பிறப்பால் தெய்வமல்லர் என்றும், தெய்வநிலையைத் திருடித் தலைவனைக் கொன்றார் என்றும் கூறும் ஒப்புதல் வெளிப்படும். பிரதான கதையை முடிப்பதற்கு இதனை அறியவேண்டிய தேவை எதுவுமில்லை.

4. சான்றுகளின் பிறப்பிடம்

சான்றுகள் யாது கூறுகின்றன என்பதிலும், அவை எவ்விடத்து எவ்வாறு கிடைக்கின்றன என்பது முக்கியமானது. ஆலய நூல்கள் இருவகைப்படும். பொதுமக்கள் வாசிக்கத்தக்கவை ஒருவகை. உயர்நிலைக் குருமார் மட்டும் வாசிக்க மறைத்துவைக்கப்பட்டவை மற்றொருவகை. சாம்பல் நிலத்தாரின் கதை எழுத்திற் கிடைப்பது இவ்விரண்டாவது தொகுதியிலேயாகும். பாமரரின் மூடநம்பிக்கை என்று வெளியே இகழப்படும் கதையை, ஆலய அறிஞர் ஒருவர் கவனமாகத் தொகுத்தெழுதி உள்ளே பூட்டிவைத்துள்ளார். பொய்யென்று உறுதியாக நம்புபவர் அதனை இத்துணை அக்கறையுடன் பேணிக்காத்தது ஏன் என்ற வினா இயல்பாகவே எழுகின்றது.

விவெக்கின் வாக்குமூலமும் அவ்வாறானதே. அது தாமாக எழுதிய நூலன்று. சாம்பல் நிலத்தாரின் மரபை எடுத்துக்காட்டி எதிர்த்து வினாவிய மாற்றுக்கருத்துக் குரு ஒருவரை விசாரணை மன்றினர் சூழ விசாரித்தபோது விவெக் கூறியவற்றின் பதிவு. எனவே, மறுத்தவரை அடக்குவதற்கெனக் கூட்டப்பட்ட மன்றிலேதான் அதிகாரபூர்வமான போதனைக்கு மாறான ஒப்புதல் பதிவாகியுள்ளது. அடக்குமுறை தன் ஆவணங்களிலேயே தனக்கெதிரான சாட்சியத்தை விட்டுச்செல்வதை வரலாற்று மாணவர் பலவிடத்துங் கண்டிருப்பர்.

இம்முரண்பாடுகளை ஆலயம் வாதத்தால் எதிர்கொள்ளவில்லை. மாற்றுக்கருத்துக் குருமாரின் நூல் தடைசெய்யப்படுகின்றது. அவர்கள் தொலைவிலுள்ள மடமொன்றில் மறைந்து வாழ்கின்றனர். நூல்நிலையக் குரு ஒருத்தி சிறைப்படுகின்றாள். அச்சிறையின் பெயர் உண்மை அமைச்சு. ஆலய நகரின் மேலே, விவெக்கின் ஆற்றலால் விழாது அந்தரத்தில் நிற்கும் பெரும்பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டது அது. உண்மையின் பெயரால் ஒரு பாறை மக்களின் தலைமேல் தொங்கவிடப்பட்டிருக்கின்றது. வழிபாடு குன்றின் அது விழும் என்னும் அச்சம் வழிபாட்டை நிலைநிறுத்துகின்றது.

5. நிலமும் கனியமும் உழைப்பும்

இப்போராட்டத்தைச் சமயப்பூசலாக மட்டும் காண்பது பொருந்தாது. வார்டன்பெல் நெடுங்காலம் ஆலயத்தின் காப்பிடமாக இருந்தது. கதை தொடங்குவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், அவ்வுலகின் மூன்றாம் ஊழி 414ஆம் ஆண்டில், அது பேரரசின் குடியேற்றத்திற்குத் திறந்துவிடப்பட்டது. பெருங்குடிகள் நிலத்தைப் பங்கிட்டன. சாம்பல் நிலத்தார் மேலும் ஒதுக்கப்பட்டனர். எபனி என்னும் விலையுயர்ந்த கனியத்தை அகழும் உரிமை பேரரசின் சாசனம் பெற்ற கொம்பனிக்குக் கிடைத்தது. நெரெவாரின் கொலையைப் பற்றிய கதை, நிலமிழந்தோரின் கதையாக வழங்குவது தற்செயலன்று. ஆலயத்தின் தெய்வீகம் பொய்யாயின் நிலத்தின் மீது அது கொண்ட உரிமையும் பொய்யாகும்.

பேரரசோ ஆலயத்தின் எதிரி போலத் தோன்றினும் உண்மையில் அதன் பங்காளி. முன்னர் விவெக்கும் பேரரசனும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, மாகாணம் தன் சமயத்தையும் அடிமைமுறையையும் பேணிக்கொள்ள அனுமதிக்கப்பட்டது. ஆர்கோனியரும் கஜீத்தும் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் அடிமைகளாய் உழைக்கின்றனர். ‘இரட்டை விளக்குகள்’ என்னும் இரகசிய இயக்கம் அவர்களைத் தப்புவிக்க முயல்கின்றது. இதுவும் தேடிச்செல்வோர் கண்ணுக்கு மட்டுமே படுவது.

இவ்விடத்து ஆக்கத்தின் குறைபாட்டையும் சுட்டுதல் வேண்டும். தெய்வங்களின் குரலும் குருமாரின் குரலும் பேரரசின் குரலும் ஏடுகளிலே கேட்கும் அளவிற்கு அடிமைகளின் குரல் கேட்பதில்லை. மறைத்துவைக்கப்பட்ட வரலாறு உண்டு என உணர்த்தும் படைப்பு, எழுதப்படாத வரலாற்றின் வாயிலிலேயே நின்றுவிடுகின்றது.

6. எல்லாம் உண்மையா?

டாகர்போலின் கதைக்கு ஒன்றுக்கொன்று முரணான பல முடிவுகள் இருந்தன. தொடர்ந்து கதை சொல்லவேண்டிய நிறுவனம், காலமே உடைந்து அவை அனைத்தும் ஒருங்கே நிகழ்ந்தன எனப் பின்னர் விளக்கமளித்தது. ஆக்கத்தின் தேவையிலிருந்து பிறந்த இவ்விளக்கம் சாதுரியமானது. ஆயின் செம்மலை வழக்கிற்கும் அதனை விரித்து, எக்கூற்றும் மற்றொன்றிற்கு இளைத்ததன்று எனக் கொள்வது கொலையாளிக்கே வசதியானது.

சான்றுகளை ஒப்புநோக்கின் இரு வினாக்கள் தனித்தனியே பிரிகின்றன. மூவரும் தெய்வமானது எங்ஙனம் என்பது முதலாவது. அவர்களுக்கு எதிரான நாடோடி மரபும், அவர்களுள் ஒருவரின் தன்நலத்திற்கு மாறான ஒப்புதலும் இருதயத்தையே காட்டுகின்றன. விளையாட்டின் இறுதியில் இருதயத்தின் பிணைப்பு அறுந்ததும் அவர்களது தெய்வீகத்தின் ஊற்றும் அற்றுப்போகின்றது. தெய்வீகத்திற்குப் பொருளியல் அடித்தளம் இருந்தது. அது வெளிப்பட்டதும் போதனை வீழ்ந்தது. இவ்வினா தீர்ந்தது.

நெரெவார் கொல்லப்பட்டானா என்பது இரண்டாவது. நோக்கமும் வாய்ப்பும் பயனும் மூவருக்கும் இருந்தன. மறைமொழியில் ஓர் ஒப்புதலும் உண்டு. ஆனால் அவ்வொப்புதலைத் தருபவர் கவிஞர், பொய்யுரைக்கத் தயங்காதவர். விளையாடுபவரே நெரெவாரின் மறுபிறப்பெனக் கொள்ளப்பட்டபோதிலும், பழைய நினைவு எதுவும் அவருக்கு இல்லை. கொலையுண்டவனே திரும்பி வந்தும் சாட்சி கூற இயலாத நிலை. இவ்வினா திறந்தே இருக்கின்றது. தீர்ந்ததையும் தீராததையும் வேறுபடுத்திக் கூறுதலே வரலாற்றாசிரியரின் நேர்மை. தீராத ஒன்றைக் காட்டித் தீர்ந்ததையும் ஐயத்திற்குள்ளாக்குவது ஆளுவோரின் பழைய தந்திரம்.

7. முடிவுரை

பின்வந்த படைப்புக்கள் இக்கதையைத் தொடர்ந்தன. 2009இல் வெளிவந்த நாவலொன்று, விவெக் மறைந்த பின்னர் அந்தரத்திற் தொங்கிய பாறை வீழ்ந்து நகரை அழித்ததைக் கூறுகின்றது. 2012இல் வெளிவந்த விரிவாக்கமொன்றில், முன்னர் வேட்டையாடப்பட்ட மாற்றுக்கருத்துக் குருமாரின் மரபே புதிய ஆலயத்தின் அதிகாரபூர்வமான போதனையாகிவிட்டதைக் காண்கின்றோம். மறைக்கப்பட்ட வரலாறு அரியணை ஏறியதும் அதுவும் வினாவுக்குரியதாகின்றது. அவ்வேடுகளையும் அதே கண்கொண்டு வாசித்தல் வேண்டும்.

இவ்வுலகு இன்று ஒரு கூட்டுத்தாபனத்தின் சொத்து. பெதெஸ்டாவின் தாய்நிறுவனத்தை 750 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்குவதாக 2020இல் அறிவித்த மைக்ரோசொப்ட், 2021இல் அதனைத் தனதாக்கிக்கொண்டது. அதே உலகின் எஞ்சிய நிலப்பரப்பை, 2001இல் தொடங்கிய ‘டாம்ரியல் ரீபில்ட்’ என்னும் கூட்டு முயற்சியிலே தொண்டர்கள் ஊதியமின்றி ஆக்கிவருகின்றனர். உரிமைப்பத்திரம் ஒருவரிடமும் வாசிப்பும் உழைப்பும் பலரிடமும் இருக்கும் இந்நிலை, நூல்நிலையத்தைப் பூட்டிவைத்த அக்கற்பனை ஆலயத்தை நினைவூட்டாமற் போகாது. தீயோனை அழித்துக் கதையை முடிப்பவர் ஒரு வெற்றியைப் பெறுகின்றார். பாதையை விட்டு விலகி ஏடுகளைப் புரட்டுபவரோ, வென்றவர் எழுதியதை எங்ஙனம் வாசிப்பது எனக் கற்கின்றார். இவ்விரண்டாவது பேறு விளையாட்டிற்கு வெளியேயும் பயன்படுவது.