லேத்துக்குக் கம்ப்யூட்டர் வேண்டுமா? – ஒரு கைப்பிடியின் வரலாறு

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறக் கொட்டகையில் ஒரு பழைய லேத்து நிற்கிறது. ஊர் குத்தாலம். அருவி விழும் குற்றாலம் இல்லை, மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே இருக்கும் காவிரிக்கரைக் குத்தாலம். பட்டறையை மூடிய ஒருவரிடமிருந்து வாங்கிய இயந்திரம். பகலில் கோடு எழுதிப் பிழைக்கிறேன், விடுமுறையில் இரும்பு கடைகிறேன். பார்க்கிற நண்பர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "சாஃப்ட்வேர் ஆளு நீ, இதை இன்னும் சிஎன்சி ஆக்கலையா?"

நியாயமான கேள்வி. மோட்டார், டிரைவர், கட்டுப்பாட்டு போர்டு எல்லாம் இன்று சுலபமாகக் கிடைக்கின்றன. மென்பொருளுக்குக் காசே வேண்டாம். அமெரிக்க அரசின் தர ஆய்வு நிறுவனமான நிஸ்ட் 1990களில் உருவாக்கிப் பொதுவில் விட்ட இஎம்சி என்ற நிரல்தான் இன்றைய லினக்ஸ்சிஎன்சி. அப்படியென்றால் எது தடுக்கிறது? அதை யோசிக்கப் போய் வரலாற்றுக்குள் இறங்கிவிட்டேன்.

மாற்றினால் என்ன ஆகும்?

சாதாரண லேத்தில் டூலை நகர்த்த இரண்டு கைப்பிடிகள் உண்டு. ஒன்று பெட் நீளத்துக்கு நகர்த்தும், இன்னொன்று குறுக்கே நகர்த்தும். சிஎன்சி ஆக்குவது என்றால் அந்த இரண்டு இடத்திலும் மோட்டார் வைப்பது. ஆனால் மோட்டாரோடு வேலை முடியாது. பழைய ஸ்க்ரூவில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். கைப்பிடியைத் திருப்பிச் சுற்றினால் முதல் சில கோடுகளுக்கு டூல் நகராது. டர்னருக்கு இது பிரச்சினையே இல்லை. எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அளவுக்கு வருவார், அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்கு அந்த ஆட்டம் ஆகாது, ஆகவே பால் ஸ்க்ரூ போட வேண்டும். பால் ஸ்க்ரூவில் உராய்வு குறைவு, அதனால் வெட்டும் விசையே அதைப் பின்னால் தள்ளிவிடும். மோட்டார் பிடித்துக்கொண்டிருந்தால்தான் நிற்கும். பழையபடி கையால் ஓட்டலாம் என்று நினைத்தால் அந்தச் சுகம் போய்விடும்.

ஆக, ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்குகிறோம். கொடுப்பது எது என்று தெரிய, கையிலிருந்து இயந்திரத்துக்கு எதெது எப்போது போனது என்று பார்க்க வேண்டும்.

முதலில் போனது மரை

கடைசல் நமக்குப் புதிதில்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்து நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கை அடி, தண்டு, அகல், உச்சி என்று தனித்தனியாக வார்த்து, கடைசலில் பிடித்து இழைத்து, மரையால் ஒன்றோடொன்று பூட்டுகிறார்கள். கடைசலில் உருவத்தைக் கொண்டுவருவது உளி பிடித்த கை.

ஐரோப்பாவிலும் நெடுங்காலம் அப்படித்தான். 1800ஐ ஒட்டி லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே ஒரு லேத்தை முழுமையாக்கினார். டூலைப் பிடிக்க நகரும் தாங்கி, அதை இழுக்க நீள ஸ்க்ரூ, இரண்டையும் சுழலும் வேலைத்துண்டோடு இணைக்க மாற்றக்கூடிய பல்சக்கரங்கள். இவை தனித்தனியே அவருக்கு முன்பே இருந்தன. அவர் சேர்த்து உறுதியாகக் கட்டினார். அதன்பின் ஒரே அளவு மரையை எத்தனை முறை வேண்டுமானாலும் வெட்ட முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, மனிதக் கையால் சீராகச் செய்யவே முடியாத வேலைதான் முதலில் இயந்திரத்துக்குப் போனது. எவ்வளவு ஆழம் வெட்டுவது, எப்போது நிறுத்துவது என்ற முடிவுகள் டர்னரிடமே இருந்தன.

ஹெலிகாப்டர் இறக்கையும் மூன்று ஆட்களும்

அடுத்த தாவல் 1940களின் கடைசியில் வந்தது. அமெரிக்காவின் மிச்சிகனில் ஜான் பார்சன்ஸ் ஹெலிகாப்டர் சுழல் இறக்கைகள் செய்துகொண்டிருந்தார். இறக்கையின் வளைவை வரையறுக்க வரைபடத்தில் கிடைத்தவை 17 புள்ளிகள். அவரிடம் வேலை பார்த்த ஃப்ராங்க் ஸ்டூலன், துளையட்டைக் கணக்கு இயந்திரத்தை வைத்து அதை 200 புள்ளிகளாக்கினார். பிறகு நடந்தது வேடிக்கை. ஒருவர் எண்களை உரக்கப் படிப்பார், இன்னும் இருவர் ஆளுக்கொரு கைப்பிடியைத் திருப்புவார்கள். மூன்று ஆட்கள் சேர்ந்து ஒரு சிஎன்சி!

அந்த மூவருக்குப் பதில் மோட்டார் வைக்கலாமே என்று 1949ல் விமானப்படை பணம் கொடுத்தது. எம்ஐடி ஆய்வகம் 1952ல் ஒரு மில்லிங் இயந்திரத்தைத் துளைநாடாவால் ஓட்டிக் காட்டியது. கட்டுப்பாட்டு அலமாரியில் கிட்டத்தட்ட 300 வெற்றிடக் குழாய்கள்! தொழிற்சாலைகள் அவசரப்பட்டு வாங்கவில்லை. விமானப்படையே செலவு ஏற்று நூற்றுக்கும் மேற்பட்ட இயந்திரங்களை விமானத் தொழிற்சாலைகளில் நிறுவிய பிறகுதான் இது பரவியது.

தோற்ற வழி

அதே சமயத்தில் இன்னொரு வழியும் இருந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் முயன்றது. தேர்ந்த தொழிலாளி முதல் உருப்படியைக் கையால் செய்வார், அவருடைய அசைவுகளை ஒரு நாடா பதிவு செய்யும். பிறகு நாடாவை ஓட்டினால் இயந்திரம் அவரைப் போலவே செய்யும். இங்கே நிரல் எழுதுபவர் டர்னரேதான்.

அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த கர்ட் வானகட், 1952ல் வந்த 'பிளேயர் பியானோ' நாவலில், இப்படிப் பதிவு செய்யப்பட்ட லேத்துத் தொழிலாளி ஒருவரைப் படைத்தார். ரூடி ஹெர்ட்ஸ். அவர் கை நாடாவில் வந்துவிட்டது, இனி அவர் தேவையில்லை.

இந்த வழி ஏன் தோற்றது? டேவிட் நோபிள் 1984ல் எழுதிய 'ஃபோர்சஸ் ஆஃப் ப்ரொடக்‌ஷன்' நூலின் வாதம் இது: எண்வழிக் கட்டுப்பாடு நிர்வாகத்துக்குப் பிடித்ததற்குத் துல்லியம் மட்டும் காரணமில்லை, வேலையின் முடிவுகளைப் பட்டறைத் தளத்திலிருந்து எடுத்து அலுவலக மேசைக்குக் கொண்டுபோக முடிந்ததும் காரணம். எனக்கு இது பாதி உண்மை என்று தோன்றுகிறது. போர் விமானத்தின் சிக்கலான வளைவுகளைக் கையால் ஒருமுறைகூடச் செய்ய முடியாது, செய்யாததைப் பதிவு செய்வது எப்படி? ஆனால் மறுபாதியை ஒதுக்க முடியவில்லை. ஏனென்றால் அந்த அலுவலக மேசையில் உட்கார்ந்திருக்கும் ஆள் என்னைப் போன்றவன்தான்.

நாகப்பட்டினம், 1928

திறமை யாருடையது, அதை யார் அளப்பது என்ற சண்டை கம்ப்யூட்டருக்கு முந்தையது. நம் பக்கத்திலேயே நடந்தது. தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை ஒருகாலத்தில் நாகப்பட்டினத்தில் இருந்தது. 1920களின் இறுதியில் அதைத் திருச்சி பொன்மலைக்கு மாற்றினார்கள். கூடவே ஆட்குறைப்பு, யார் தேறுவார் என்று பார்க்கத் தொழில் தேர்வு. பல வருஷம் இரும்போடு பழகியவர்களுக்குப் பரீட்சை! 1928 ஜூலையில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. பத்துப் பன்னிரண்டு நாளில் ஒடுக்கப்பட்டது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறை சென்றார்கள். நாகையின் பட்டறை நாகைக்குத் திரும்பவில்லை.

பட்டறையும் தொழிற்சாலையும்

சிஎன்சிக்கு நான் எதிரி இல்லை. கோயம்புத்தூரில் ஒரே மாதிரி பம்ப் ஷாஃப்ட் ஆயிரக்கணக்கில் கடைய வேண்டும் என்றால் அதுதான் சரி. ஒருமுறை நிரல் எழுதும் உழைப்பு ஆயிரம் உருப்படியில் கரைந்துவிடும்.

டெல்டாவின் லேத்துப் பட்டறை வேறு ஜாதி. குறுவை நேரத்தில் ஒருவர் தேய்ந்த பம்ப்செட் ஷாஃப்டோடு வருவார். அடுத்தவர் டிராக்டர் புஷ் கொண்டுவருவார், மூன்றாமவர் அறுவடை இயந்திரத்தின் உடைந்த பின். ஒன்றைப் போல் ஒன்று இல்லை, வரைபடமும் இல்லை. தேய்ந்ததை அளந்து, புதிதாய் இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து, பொருத்திப் பார்த்து மறுபடி கடைய வேண்டும். முடிவுகளை வெட்டும்போதே எடுக்கிற வேலை இது. சிஎன்சி எல்லா முடிவையும் வெட்டுவதற்கு முன்பே கேட்கும்.

என் கொட்டகைக்கு வருவதும் இந்த ரகம்தான். கடைசல் சொல்லித்தரும் டர்னர் ஐயாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. "அளவை அப்புறம் பாருங்க தம்பி, மொதல்ல சத்தத்தைக் கேளுங்க" என்பார். டூல் மழுங்கியதை நான் மைக்ரோமீட்டரில் பார்ப்பதற்கு முன் அவர் காது சொல்லிவிடும். அதை எந்த நாடாவிலும் யாரும் ஏற்றவில்லை. அவரிடம் கற்க எனக்கு இருக்கும் வருஷங்கள் கொஞ்சம்தான். அந்த நேரத்தை ஜி-கோடு எழுதிக் கழிக்க மனமில்லை.

என் முடிவு

கைப்பிடிகள் அப்படியே இருக்கும். கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு வேலை தருகிறேன், மாட்ஸ்லே முதலில் இயந்திரத்திடம் கொடுத்த அதே மரை வேலை. என் லேத்தின் லீட் ஸ்க்ரூ இன்ச் கணக்கு. மில்லிமீட்டர் மரை துல்லியமாக வேண்டுமென்றால் 127 பல் சக்கரம் மாட்ட வேண்டும் (ஒரு இன்ச் 25.4 மி.மீ., அதன் ஐந்து மடங்கு 127). அதற்குப் பதில் சுழலும் ஸ்பிண்டிலில் ஒரு என்கோடர், லீட் ஸ்க்ரூவில் ஒரு மோட்டார், நடுவே சின்ன கன்ட்ரோலர். விகிதத்தை நிரல் பார்த்துக்கொள்ளும். வார்ப்பில் ஒரு ஓட்டைகூடப் போட வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் ஒரு மதியத்தில் கழற்றிப் பழைய பல்சக்கரத்தை மாட்டிவிடலாம்.

நீங்களும் இதே யோசனையில் இருந்தால், போன வருஷம் உங்கள் லேத்தில் செய்த வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே உருப்படி இருபது முறைக்கு மேல் வந்திருந்தால், அல்லது கையால் வராத வளைவுகள் இருந்தால், தயங்காமல் மாற்றுங்கள். ஒவ்வொரு வரியும் வேறு வேறாக இருந்தால் கைப்பிடியைக் கழற்ற அவசரப்படாதீர்கள்.

என்கோடர் வந்து சேர்ந்துவிட்டது. பொருத்திய கதை அடுத்த பதிவில்.