பறையை எடுத்த பெண்கள்: திண்டுக்கல் சக்தி கலைக்குழுவும் கட்டாயப் பறையடிப்புக்கு எதிரான சட்டமும்

பள்ளித் தமிழ்ப் பாடநூலில் ஐந்திணைக் கருப்பொருள் அட்டவணையை மனப்பாடம் செய்யாதவர் நம்மில் அரிது. நெய்தல் நிலத்துக்குரிய பறை எது என்று கேட்டால், பெரியதாழைக் கடற்கரையில் வளர்ந்த மாணவர் ‘மீன்கோட்பறை’ என்று தயங்காமல் சொல்லிவிடுவார். தொல்காப்பியம் பறையைத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைக்கிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை உண்டு. அதை அடிப்பவர் இழிந்தவர் என்ற குறிப்பு அந்த வரிசையில் எங்கும் இல்லை. பிற்காலத்திலோ அந்தக் கருவியோடு சேர்த்து வழங்கப்பட்ட சாதிப்பெயர் ஐரோப்பிய மொழிகளுக்குள் ‘பரையா’ என்று நுழைந்து, ‘ஒதுக்கப்பட்டவர்’ என்ற பொருளில் இன்றும் நாளிதழ்களில் கூச்சமின்றிப் புழங்குகிறது. அட்டவணையைக் கற்பிக்கும் வகுப்பறைகள் இந்த இரண்டாவது செய்தியைக் கற்பிப்பதில்லை.

இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வரலாற்றைத் தம் உடலால் எதிர்கொண்டவர்கள் திண்டுக்கல்லைச் சேர்ந்த சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தின் பெண்கள். அருட்சகோதரி சந்திரா தொடங்கிய இம்மையம் 1990-களின் தொடக்கத்திலிருந்து இயங்கி வருகிறது. அருட்சகோதரி பெல்சியும் அதை முன்னின்று நடத்தியவர். இதன் உறுப்பினர்கள் பெரும்பாலும் சிற்றூர்களிலிருந்து வந்த தலித் இளம்பெண்கள். வறுமையாலும் குடும்பச் சூழலாலும் படிப்பை இடையில் விட்டவர்கள் அவர்களில் பலர். மையத்திலேயே தங்கிப் பறையாட்டம், ஒயிலாட்டம், கும்மி, கோலாட்டம் ஆகியவற்றைக் கற்கிறார்கள். அதோடு தையல் போன்ற கைத்தொழிலும், சாதியும் ஆணாதிக்கமும் எவ்வாறு இயங்குகின்றன என்ற சமூகப் பகுப்பாய்வும் அவர்களுடைய பாடத்திட்டத்தில் உண்டு. கற்றவர்கள் ஊர் திரும்புகிறார்கள், புதியவர்கள் வருகிறார்கள். ஆகவே இதை நிலையான ஆட்டக்காரர்களைக் கொண்ட குழு என்பதைவிட, மேடை ஏறுகிற ஒரு பள்ளி என்று சொல்வதே பொருந்தும். அமெரிக்க இசை இனவியலாளர் ஜோ ஷெரினியன் இம்மையத்தைப் பற்றி ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ என்ற ஆவணப்படத்தை எடுத்துள்ளார். கல்லூரி மாணவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய படம் அது.

சக்தியின் பெண்கள் மீறியது ஒரு தடையை மட்டுமன்று. பறை அடிப்பது தலித் ஆண்கள்மீது சுமத்தப்பட்ட தொழில். அதே பறை தலித் பெண்களுக்கு மறுக்கப்பட்ட கருவி. சாவு வீட்டில் அடித்து இழிவைச் சுமந்த தந்தை வீட்டுக்கு வந்தபின், மகள் அந்தக் கருவியைத் தொடக்கூடாது என்றார். ஊர் சுமத்திய இழிவுக்குள் வீடு இன்னொரு விலக்கையும் வைத்திருந்தது. எனவே ஒரு பெண் பறையைத் தோளில் மாட்டும்போது ஊருக்கும் வீட்டுக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்கிறாள்.

ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சிறிது விளக்குவோம். மரத்துண்டுகளை வளைத்து இணைத்த வட்டச் சட்டத்தின்மேல், புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டிப் பறை செய்யப்படுகிறது. இடக்கையில் மெல்லிய நீண்ட சிண்டுக்குச்சி, வலக்கையில் தடித்த குட்டையான அடிக்குச்சி. சப்பரத்து அடி, சாமிச்சாட்டு அடி, மாரடிப்பு அடி, மருள் அடி, சினிமா அடி என அடிகளுக்குப் பெயர்கள் உண்டு. அந்தப் பெயர்களைக் கேட்டாலே ஒரு ஊரின் சாவும் திருவிழாவும் திரையரங்கும் கண்முன் வந்துவிடும். அடிப்பவர் ஒருவர், ஆடுபவர் வேறொருவர் என்ற பிரிவினை இதில் இல்லை. கருவியின் எடையைத் தாங்கியபடியே வரிசையாக நின்றும், எதிரெதிராக நகர்ந்தும், வட்டமிட்டும், உட்கார்ந்து எழுந்தும் ஆட வேண்டும். முதுகு நிமிர்ந்து கால் அகன்றால்தான் அடி விழும். தலைகுனிந்து நடக்கப் பழக்கப்பட்ட பெண்ணுக்கு இது வெறும் உடற்பயிற்சியாக இருப்பதில்லை.

பறையை மேடையேற்றுவது குறித்துத் தலித் இயக்கத்துக்குள் நெடுநாளாக நடந்துவரும் விவாதத்தை மறைக்க வேண்டியதில்லை. எல். இளையபெருமாள் போன்ற தலைவர்கள் பறையடிக்கும் தொழிலை விட்டொழிக்க வேண்டும் என்று போராடினார்கள். பறையை எரித்து அடிமைத்தொழிலை முடித்துக்கொண்ட சேரிகள் உண்டு. மறுபுறம், மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் அமைந்த தலித் ஆதார மையம் தலித் கலைவிழாக்களை நடத்தி, பறையை விடுதலையின் குரலாக முன்வைத்தது. ‘பலி ஆடுகள்’ நாடகத்தையும் ‘வடு’ தன்வரலாற்றையும் எழுதிய கே. ஏ. குணசேகரன் தம் பாட்டாலும் ஆய்வாலும் இதே வழியில் உழைத்தவர். எரித்தவர்களும் எடுத்தவர்களும் எதிரிகள் அல்லர் என்பதே எங்கள் கருத்து. எரிப்பதற்கான உரிமை இருந்தால்தான் எடுப்பது விருப்பமாகிறது. அந்த உரிமை இல்லாத ஊரில் பறைக்குச் சூட்டப்படும் புகழுரை அனைத்தும் அடிமைத்தனத்துக்குப் போடும் மாலைதான்.

அந்த உரிமையைப் பற்றித்தான் சட்டம் பேசுகிறது. நம் மாணவர்கள் பலரும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை அறிவார்கள். 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள். 1976-இல் அதில் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவு, தீண்டாமையின் பேரால் ஒருவரைத் துப்புரவுப் பணி செய்யவோ, செத்த விலங்கை அகற்றவோ, தோலுரிக்கவோ, தொப்புள்கொடியை அகற்றவோ, ‘இவற்றை ஒத்த வேறு எந்த வேலையையும்’ செய்யவோ கட்டாயப்படுத்துவது குற்றம் என்கிறது. பறை என்ற சொல் பிரிவில் இல்லை. ஆனால் சாவுக்கு அடிக்கக் கட்டாயப்படுத்துவது ‘ஒத்த வேலை’ அன்று என வாதிடுவது கடினம். கட்டாயம் என்பதில் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு அச்சுறுத்தலும் அடங்கும் என்று அப்பிரிவே விளக்கம் தருகிறது. தண்டனை மூன்று முதல் ஆறு மாதச் சிறையும் நூறு முதல் ஐந்நூறு ரூபாய் அபராதமும். அபராதத் தொகையைப் படிக்கும்போது சிரிப்பு வரும். ஆயினும் பிரிவு இருக்கிறது.

1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2016-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பின், கட்டாய உழைப்பையும், பிணத்தையோ செத்த விலங்கையோ சுமக்கவும் குழி தோண்டவும் கட்டாயப்படுத்துவதையும், சமூகப் புறக்கணிப்பையும் தனித்தனிக் குற்றங்களாக வகுத்துள்ளது. ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. இதன் அடியில் அரசமைப்பின் 17-ஆம், 23-ஆம் உறுப்புகள் நிற்கின்றன.

இங்கேதான் நம் கடற்கரை மாவட்டங்கள் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உள்ளது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கிறது. தலித் கிறித்தவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளார். கோயில் ஊரில் பறையடிக்க மறுத்து அடிபட்டவர் கிறித்தவராக இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கதவு அவருக்கு மூடிக்கொள்கிறது. குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டமோ பாதிக்கப்பட்டவரின் சாதிச் சான்றிதழைக் கேட்பதில்லை. தீண்டாமையின் பேரால் நடந்ததா என்பதையே கேட்கிறது. இப்படிப்பட்ட புகார்களை எழுதும் தோழர்கள் 7ஏ பிரிவை முதல் பக்கத்திலேயே குறிப்பிட வேண்டும்.

மேடைக்குத் திரும்புவோம். சதிராட்டம் பரதநாட்டியமாக மாறி மதிப்புப் பெற்றபோது, அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த இசைவேளாளப் பெண்கள் மேடையிலிருந்து பெரும்பாலும் நகர்த்தப்பட்டார்கள். கலைக்குக் கிடைத்த மதிப்பு கலைஞருக்குக் கிடைக்கவில்லை. பறைக்கும் இன்று மதிப்பு கூடிவருகிறது. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்திய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் ராப்பையும் பறையோடு கலந்து பெருங்கூட்டத்தின் முன் வைத்தது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நகரங்களில் வார இறுதிப் பறை வகுப்புகள் நடக்கின்றன, கல்லூரி விழாக்கள் பறையோடு தொடங்குகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் அந்த விழாவுக்கு அழைக்கப்பட்ட குழுவுக்கு எவ்வளவு ஊதியம் தரப்பட்டது, உணவு எங்கே பரிமாறப்பட்டது, மறுநாள் அதே கலைஞரின் ஊரில் சாவு விழுந்தால் அவர் ‘வரமாட்டேன்’ என்று சொல்ல முடியுமா என்று விழாக்குழுவில் இருக்கும் மாணவர்கள் கேட்டுப் பார்க்கலாம்.

கடலோரக் கல்லூரிகளில் பறைக்குழு தொடங்க விரும்புவோருக்கு ஒரு நடைமுறைச் செய்தி. உப்புக்காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன் வைக்கோலைக் கொளுத்தி அனலில் காய்ச்ச வேண்டும். வளாகத்துக்குள் தீ மூட்டக்கூடாது என்று நிர்வாகம் மறுக்கக்கூடும். அனுமதிக் கடிதத்தில் அதையும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.