கிரயப் பத்திரமும் நம்பிக்கையும்: இங்கிலாந்தின் சொத்து வழக்கறிஞர் வரலாறு

வில்லியம் ஷேக்ஸ்பியரின் கையெழுத்துகள் என்று அறிஞர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்பவை ஆறே ஆறு. அவற்றில் ஒன்றுகூட நாடகப் பிரதியில் இல்லை. ஆறும் சட்ட ஆவணங்களில் உள்ளவை. ஒரு வழக்கில் அவர் அளித்த வாக்குமூலத்தில் ஒன்று, உயிலில் மூன்று, இலண்டனின் பிளாக்ஃபிரையர்ஸ் பகுதியில் வாங்கிய வீட்டின் கிரயப் பத்திரத்திலும் அடமானப் பத்திரத்திலுமாக இரண்டு.

அந்த வீடு 1613 மார்ச் மாதத்தில் 140 பவுண்டுக்கு வாங்கப்பட்டது. 80 பவுண்டு ரொக்கம். மீதி 60 பவுண்டுக்கு அந்த வீட்டின்மேலேயே அடமானம். பத்திரத்தின் சாட்சிகளுள் ராபர்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஸ்க்ரிவனரும் (அக்காலத்துப் பத்திர எழுத்தர்) அவருடைய பணியாளரான ஹென்றி லாரன்ஸும் இருக்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் கையெழுத்துடன் உள்ள முத்திரையில் 'எச். எல்.' என்ற எழுத்துகளே காணப்படுகின்றன. முத்திரை அந்தப் பணியாளருடையது. ஆங்கில மொழியின் தலைசிறந்த எழுத்தாளர், தன் வீட்டுக்கான பத்திரத்தை வேறொருவர் எழுத, வேறொருவரின் முத்திரையோடு கையொப்பமிட்டிருக்கிறார்.

இன்னொரு செய்தியும் உண்டு. வீட்டை வாங்குவோராக அவருடன் மேலும் மூவரின் பெயர்கள் பத்திரத்தில் சேர்க்கப்பட்டன. இந்த ஏற்பாட்டின் விளைவாக, கணவர் இறந்தபின் மனைவிக்குச் சேரவேண்டிய வாழ்நாள் உரிமை அந்த வீட்டைப் பொறுத்தவரை எழாமல் போயிற்று. அது ஷேக்ஸ்பியரின் விருப்பமா, பத்திரம் எழுதியவர்களின் வழக்கமான ஏற்பாடா என்பது இன்றும் விவாதத்திற்குரியது. பத்திர எழுத்தரை வெறும் நகலெடுப்பவர் என்று எண்ணக்கூடாது என்பதற்கு இந்த ஒரு வரியே போதும். அவர் எழுதுவது ஒரு பெண்ணின் முதுமையைத் தீர்மானிக்கக்கூடும்.

அந்த மனிதர் யார், அவரை நம்பலாமா என்ற கேள்வியே இங்கிலாந்தில் சொத்துரிமை மாற்றத்தின் வரலாறு முழுதும் ஊடாடுகிறது.

எழுத்து இன்றியமையாததாக ஆவதற்கு முன்னர், இடைக்கால இங்கிலாந்தில் நிலம் கைமாறியது நிலத்தின்மேலேயே. விற்பவரும் வாங்குபவரும் அந்த மண்ணில் நின்றனர். விற்பவர் ஒரு மண்கட்டியையோ மரக்கிளையையோ எடுத்து வாங்குபவரின் கையில் கொடுத்தார். அக்கம்பக்கத்தார் அதைப் பார்த்தனர். பின்னாளில் தகராறு எழுந்தால், கண்டவர்களின் நினைவே ஆதாரம். இம்முறையில் வாங்குபவருக்கு வேண்டியிருந்த அறிவு முழுவதும் ஊரிலேயே இருந்தது. யாருடைய நிலம், எல்லை எது, வழிநடை உரிமை யாருக்கு என்பதெல்லாம் அண்டை வீட்டாருக்குத் தெரியும்.

இந்தப் பகிரங்கம் எல்லோருக்கும் உவப்பாக இருக்கவில்லை. எட்டாம் ஹென்றியின் ஆட்சியில், 1530களின் நடுவில், நிலத்தின்மேல் நிற்காமலேயே பத்திரத்தால் உரிமையை மாற்றச் சட்டம் வழிவகுத்தது. ஆனால் அவ்வாறான விற்பனைகளைப் பதிவு செய்தாக வேண்டும் என்றும் கூடவே விதித்தது. தம் சொத்து விவரம் ஊரறிய வேண்டாம் என்று எண்ணிய நிலவுடைமையாளர்களுக்குச் சட்ட வல்லுநர்கள் ஒரு தந்திரத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். முதல் நாள் ஒரு பத்திரம்: சில ஷில்லிங் பெயரளவுத் தொகைக்கு ஓராண்டுக் குத்தகை. மறுநாள் இன்னொரு பத்திரம்: குத்தகைக்காரருக்கே மீதி உரிமை அனைத்தையும் விட்டுக்கொடுத்தல். இரண்டும் சேர்ந்தால் முழு விற்பனை. பதிவும் இல்லை, மண்கட்டியும் இல்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இங்கிலாந்தின் நிலங்கள் பெரும்பாலும் இந்த இரட்டைப் பத்திரத்தாலேயே கைமாறின. 1841-இல்தான் ஒரே பத்திரம் போதும் என்று சட்டம் ஒப்புக்கொண்டது.

இதனால் நேர்ந்த மாற்றம் ஆழமானது. அண்டை வீட்டாரின் கண்ணில் இருந்த அறிவு பூட்டிய பெட்டிக்குள் போயிற்று. அதைத் திறந்து படித்துப் பொருள் சொல்ல ஒரு வல்லுநர் தேவைப்பட்டார். இலண்டனில் அந்தப் பணியைச் செய்தவர்கள் ஸ்க்ரிவனர்கள். பத்திரம் எழுதுவதுடன், கடன் கொடுப்போரையும் வாங்குவோரையும் இணைத்துவைக்கும் தரகும் அவர்களுடைய தொழிலில் அடங்கும். 1617-இல் அவர்களது சங்கத்திற்கு அரச சாசனம் கிடைத்தது. மகாகவி ஜான் மில்டனின் தந்தை பிரெட் தெருவில் தொழில் நடத்திய ஒரு ஸ்க்ரிவனர். கவிஞரின் நீண்ட கல்விக்கும் ஓய்வுக்கும் அடமானப் பத்திரங்களின் வருவாய் துணைநின்றது என்பதை இலக்கிய வாசகர் நினைவில் கொள்ளலாம்.

ஸ்க்ரிவனர்களுக்கும் அட்டர்னிகள் எனப்பட்ட வழக்காடும் தொழிலோருக்கும் இடையே பதினெட்டாம் நூற்றாண்டில் நீண்ட பூசல் நடந்தது. இலண்டன் நகருக்குள் பத்திரம் எழுதுபவர் தம் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும் என்றனர் ஸ்க்ரிவனர்கள். 1760-இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. அதன்பின் பத்திரத் தொழில் மெல்ல அட்டர்னிகளின் கைக்குப் போயிற்று. பின்னாளில் சொலிசிட்டர் என்ற பொதுப்பெயர் பெற்றவர்கள் இவர்களே.

1804-ஆம் ஆண்டு அந்தக் கைப்பற்றலை முழுமையாக்கியது. போர்ச் செலவுக்குப் பணம் தேடிய பிரதமர் வில்லியம் பிட், அட்டர்னிகளின் ஆண்டுச் சான்றிதழ்மீதான முத்திரை வரியை உயர்த்தினார். ஈடாக, தகுதி பெறாத எவரும் கட்டணம் வாங்கிக்கொண்டு சொத்துப் பத்திரம் எழுதக் கூடாது என்ற விதி அதே சட்டத்தில் இடம்பெற்றது. வீடு வாங்குபவரின் நலன் கருதி இந்தத் தனியுரிமை பிறக்கவில்லை. அரசின் கருவூலத்திற்கும் ஒரு தொழிற்குழுவுக்கும் இடையே நடந்த கொடுக்கல் வாங்கலில் பிறந்தது. ஏறத்தாழ 180 ஆண்டுகள் அது நீடித்தது.

கட்டணம் கணக்கிடப்பட்ட விதமும் கவனிக்கத்தக்கது. பத்திரத்தின் நீளத்திற்கு ஏற்பக் கூலி. 72 சொற்கள் ஒரு ஃபோலியோ எனக் கணக்கு. ஆங்கிலப் பத்திர நடை ஒரே பொருளை மூன்று சொற்களால் சொல்லும் பழக்கத்திற்கு இதுவும் ஒரு காரணம் என்று சீர்திருத்தவாதிகள் குறைகூறியதில் வியப்பில்லை. சொல்லுக்குக் கூலி கொடுத்தால் சொல் பெருகத்தான் செய்யும். 1881-இல் இயற்றப்பட்ட சட்டத்தைத் தொடர்ந்து, சொத்தின் விலைக்கேற்ற கட்டண அட்டவணை வந்தது. பத்திரங்கள் சுருங்கத் தொடங்கின. ஆயினும் வேலை சிறிதானாலும் விலை பெரிதானால் கட்டணம் பெரிது என்ற புதிய குறை எழுந்தது. அந்த அட்டவணை 1970களின் தொடக்கத்தில்தான் கைவிடப்பட்டது.

விக்டோரியா காலத்துச் சிறுநகரச் சொலிசிட்டரை நாம் நாவல்களில் சந்தித்திருக்கிறோம். குடும்பப் பெயர் எழுதிய தகரப் பெட்டிகள், உள்ளே கட்டுக்கட்டாகத் தோல் பத்திரங்கள். ஒரு வீட்டை விற்க வேண்டுமானால் அறுபது ஆண்டுக்கால உரிமைத்தொடரை ஆராய வேண்டியிருந்தது. அந்த வரம்பு 1874-இல் நாற்பதாகவும், 1925-இல் முப்பதாகவும், 1969-இல் பதினைந்தாகவும் குறைந்தது. ஒவ்வொரு விற்பனையிலும் அதே பத்திரங்கள் மீண்டும் படிக்கப்பட்டன. மீண்டும் கட்டணம் பெறப்பட்டது.

இதற்கு மாற்றாக முன்வைக்கப்பட்டதே அரசுப் பதிவேடு. ஒருமுறை ஆராய்ந்து உரிமையாளரின் பெயரை எழுதிவிட்டால், அதன்பின் பதிவேடே உரிமை. 1862-இல் நிலப்பதிவு அலுவலகம் தொடங்கப்பட்டது. பதிவு விருப்பத்தின்பாற்பட்டதாக இருந்ததால் மிகச் சிலரே வந்தனர். 1897-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப் பதிவுக்கு இடமளித்தது. ஆனால் சொலிசிட்டர்கள் திரண்டு எதிர்த்ததன் விளைவாக, கட்டாயம் முதலில் இலண்டனோடு நின்றது. இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் விற்பனைகளுக்குப் பதிவு கட்டாயமானது 1990 டிசம்பர் 1 அன்றுதான். அதே மாதம் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம் என்ற நிலையும் வந்தது. மண்கட்டிக் காலத்தின் பகிரங்கம் நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் வேறு வடிவில் திரும்பியது எனலாம்.

இந்த வரலாற்றின் கிளை ஒன்று நம் மொழிப் பரப்பையும் தொட்டது. சொத்து ஒப்பந்தங்கள் எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1677-இல் இங்கிலாந்து இயற்றிய மோசடித் தடுப்புச் சட்டத்தின் சாயலில், இலங்கையில் 1840-இன் 7-ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் வந்தது. அது ஒருபடி மேலே சென்று, நொத்தாரிசு ஒருவரின் முன்னிலையில் இரு சாட்சிகளுடன் கையொப்பமிட்டால்தான் காணி விற்பனை செல்லும் என்றது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் 'உறுதி' என்று சொல்லிப் பெட்டியில் பேணும் ஆவணம் இவ்வாறு எழுதப்படுவதே. பத்திரத்துக்கு அந்தப் பெயரே வாய்த்தது அழகு. அங்கிருந்து புலம்பெயர்ந்து இலண்டனில் வீடு வாங்கியவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது: கையில் வைத்துக்கொள்ள உறுதி இல்லை. 2003 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டம் உரிமைச் சான்றிதழையும் நிறுத்திவிட்டது. கணினிப் பதிவேட்டின் வரியே உரிமை. தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் பத்திரத்தைப் பதிவு செய்கிறதே தவிர, உரிமைக்கு உத்தரவாதம் தருவதில்லை.

அரசே உத்தரவாதம் தரும் பதிவேடு வந்தபின் சொலிசிட்டர் எதற்கு? 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இக்கேள்விக்குப் பாதி விடை தந்தது. உரிமம் பெற்ற சொத்துரிமை மாற்றுநர் என்ற புதிய தொழிலை ஏற்படுத்திச் சொலிசிட்டர்களின் தனியுரிமையை உடைத்தது. மறுபாதி விடையை இரண்டு வழக்குகளிலிருந்து பெறலாம்.

முதலாவது, வார்விக்‌ஷயரின் ஆஸ்டன் கான்ட்லோ என்னும் சிற்றூர் தொடர்பானது. அவ்வூரில் ஒரு நிலத்தை உடைமையாகப் பெற்ற தம்பதியர், அந்நிலத்தோடு ஒட்டிவந்த இடைக்காலக் கடமையின்படி, ஊர்த் தேவாலயத்தின் பலிபீடப் பகுதியைப் பழுதுபார்க்கும் செலவை ஏற்க வேண்டும் என்று பிரபுக்கள் அவை 2003-இல் தீர்ப்பளித்தது. இவ்வாறான கடமைகள் பல இடங்களில் பதிவேட்டில் எழுதப்படாமலே நிலத்தைப் பற்றியிருந்தன. 2013 அக்டோபருக்குப் பின்னரே, பதிவு செய்யப்படாத கடமை புதிதாக விலைகொடுத்து வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது என்ற நிலை வந்தது. பதிவேடு சொல்லாததை ஊர் சொல்லும். பழைய சுரங்கம், வெள்ளம் ஏறும் தெரு, ஊராட்சி பொறுப்பேற்காத சாலை ஆகியவற்றை அறிந்தவர், எந்த விசாரணையைக் கேட்டுப் பெறவேண்டும் என்பதையும் அறிவார். உள்ளூர்ச் சொலிசிட்டர் என்ற சொல்லுக்கு இன்றும் பொருள் இருப்பது இங்கேதான். முகவரி அருகில் இருப்பதால் மட்டும் அந்த அறிவு வந்துவிடாது.

இரண்டாவது, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் தீர்த்த ட்ரீம்வார் வழக்கு. இலண்டன் வீடொன்றின் உரிமையாளராக நடித்த ஒருவன் அதை விற்றான். வாங்கிய நிறுவனத்தின் பணம் சொலிசிட்டர்களின் கைவழியே போய் மறைந்தது. வாங்குபவருடைய சொலிசிட்டர் கவனக்குறைவாக நடக்கவில்லை என்றபோதும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. விற்பவர் என்று நடித்தவனுக்காகச் செயல்பட்ட சொலிசிட்டரும் பொறுப்பு என்றது நீதிமன்றம். விற்பவர் உண்மையில் அவர்தானா என்பதை அண்டை வீட்டார் ஒரே பார்வையில் சொல்லியிருப்பார்கள். பதிவேட்டால் அது முடியாது.

ஆகவே வரலாறே சில கேள்விகளை நம் கையில் தருகிறது. இவர் யாருக்காக வேலை செய்கிறார்? வீட்டுத் தரகர் பரிந்துரைத்தவரெனில், அதற்குக் கட்டணம் கைமாறுகிறதா? அவ்வாறு கைமாறினால் அதை வாடிக்கையாளரிடம் வெளிப்படுத்த வேண்டும் என்பது விதி. கூலி எதற்கு? 2018 டிசம்பர் முதல் சொலிசிட்டர் நிறுவனங்கள் வீட்டு விற்பனைக்கான தம் கட்டண விவரத்தை வெளியிட வேண்டும். அதில் அவரது கூலி எது, வரியும் தேடல் செலவும் எவை என்று பிரித்துப் பார்க்கலாம். என் கோப்பைப் படிப்பவர் யார்? ஷேக்ஸ்பியரின் பத்திரத்தில் பணியாளரின் முத்திரை இருந்ததுபோல, இன்றும் பெயர்ப்பலகையில் ஒருவரும் மேசையில் வேறொருவரும் இருக்கக்கூடும். தவறு நேர்ந்தால் ஈடு உண்டா? 1941-இல் சட்டம் ஏற்படுத்திய இழப்பீட்டு நிதியும், பின்னர் கட்டாயமாக்கப்பட்ட காப்பீடும் பலருடைய இழப்புகளுக்குப் பின் கிடைத்த பாதுகாப்புகள். அவை நாம் அமர்த்துபவருக்குப் பொருந்துமா என்று ஒழுங்குமுறை அமைப்பின் பட்டியலில் பார்த்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை.

வாங்குபவருக்கும் ஒரு கடமை உண்டு. ஒப்பந்தங்கள் பரிமாறப்படும்வரை இரு தரப்பும் விலகிக்கொள்ளலாம். பரிமாறியபின் விலகினால், வழக்கமாகப் பத்தில் ஒரு பங்காக உள்ள முன்பணம் போய்விடும். ஐயங்களையெல்லாம் கேட்டுத் தெளிவதற்கான காலம் அதற்கு முன்புதான். புரியாத வரியைப் புரியவில்லை என்று சொல்வதும், பணம் அனுப்புமுன் வங்கிக் கணக்கு எண்ணைத் தொலைபேசியில் உறுதிசெய்வதும் அவமதிப்பு ஆகாது.

ஷேக்ஸ்பியருக்கு இலண்டனில் ஸ்க்ரிவனர் வாய்த்ததுபோல், சொந்த ஊர்ப் பக்கத்தில் ஃபிரான்சிஸ் காலின்ஸ் என்ற வழக்கறிஞர் இருந்தார். 1605-இல் ஷேக்ஸ்பியர் ஸ்ட்ராட்ஃபோர்டின் தசமபாக வருவாய் உரிமையை 440 பவுண்டுக்கு வாங்கியபோது சாட்சியாக நின்றவர் அவர்; 1616-இல் உயிலை உருவாக்கியவராகக் கருதப்படுபவரும் அவரே. அந்த உயிலில் அவருக்கென்று 13 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. பதினொரு ஆண்டுகள் தம் காகிதங்களைப் படித்த ஒருவரை ஒரு மனிதர் எவ்வாறு மதித்தார் என்பதற்கு அந்தத் தொகை ஒரு சான்று.