இளையோர் நாவலும் பெரியோர் வழக்கும்

பிள்ளைப் பருவத்தைக் கடந்தும் முழு வளர்ச்சி பெறாத வயதினர்க்கென எழுதப்படும் கதை நூல்களை இன்று 'இளையோர் நாவல்' என்கிறோம். பெயர் புதிது, அதைச் சுற்றி எழும் வழக்கோ மிகப் பழையது. இளைஞர் எதைப் படிக்கலாம், எதைப் படிக்கலாகாது, அதனை முடிவு செய்யும் உரிமை யாருக்கு, அந்நூலை எவ்விலைக்கு விற்பது என்னும் வினாக்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழகத்தில் வாதிடப்பட்டு வருகின்றன. அவ்வழக்கின் பழைய களங்களுள் ஒன்று வடசென்னையின் வாயிலிலேயே இருக்கிறது.

இந்தியர் அச்சகம் வைத்து நடத்துவதற்கு இருந்த தடை 1835-இல் நீங்கிற்று. அதன் பின்னர்ச் சென்னையில் அச்சுக்கூடங்கள் பெருகின. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் புகைவண்டி ஓடியது. 1870-களில் துறைமுக வேலை தொடங்கிற்று. கூலி வேலைக்கும், தொழிற்சாலை வேலைக்கும், எழுத்தர் வேலைக்கும் வந்து குடியேறியவர்களால் வடசென்னை நிறைந்தது. அவர்களுள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் சிலர்; பிறர் படிக்கக் கேட்டு மகிழ்ந்தவர் பலர்.

இவர்களை நாடி வந்தவையே மலிவுப் பதிப்புகள். பார்க் டவுன் பகுதியிலிருந்த குஜிலிக் கடைத்தெருவில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் பாட்டுப் புத்தகங்கள் விற்றன. கொலை, விபத்து, வெள்ளம் என ஊரில் நடந்தவையெல்லாம் சில நாட்களுக்குள் சிந்தாகவும் கும்மியாகவும் அச்சேறின. இராயபுரத்துக்கு அருகிலுள்ள கொண்டித்தோப்பில் பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பாளர்கள் 'பெரிய எழுத்து' நூல்களை வெளியிட்டனர். விக்கிரமாதித்தன் கதையும், நல்லதங்காள் கதையும், மதனகாமராஜன் கதையும் கொட்டை எழுத்தில் படங்களோடு வந்தன. புதிதாகப் படிக்கத் தொடங்கியவனுக்கும், மங்கிய விளக்கொளியில் படிப்பவனுக்கும் அவ்வெழுத்தே ஊன்றுகோலாயிற்று. இவற்றைப் புலவர்கள் மதிக்கவில்லை. ஆயினும் எத்தனையோ பேர் படிக்கும் பழக்கத்தைப் பெற்றது இத்தாள்களால்தான் என்பதை மறுத்தல் இயலாது.

இந்நிலையில்தான் ஜான் மர்டாக் என்னும் ஸ்காத்லாந்து நாட்டவர் இவ்வழக்கில் தோன்றுகிறார். இலங்கையில் ஆசிரியப்பணி புரிந்த அவர், 1858-இல் நிறுவப்பெற்ற கிறித்தவத் தாய்மொழிக் கல்விச் சங்கத்தின் பொறுப்பாளராகி இந்தியாவில் நெடுங்காலம் உழைத்தார், 1904-இல் மறைந்தார். 1865-இல் அவர் வெளியிட்ட தமிழ் அச்சு நூல்களின் வகைப்பட்டியல் இன்றும் ஆராய்ச்சியாளர்க்குப் பெருந்துணையாக விளங்குகிறது. அதனுள் பல நூல்களைப் பற்றித் தம் கண்டனத்தையும் அவர் பதிந்திருக்கிறார். 1870-களின் தொடக்கத்தில், அரசினரின் பாட நூல்களிலும் பல்கலைக்கழகப் பாட நூல்களிலும் உள்ள சில தமிழ்ப் பகுதிகள் மாணவர்க்குத் தகாதவை என்று சென்னை ஆளுநருக்கு முறையிட்டார். அவர் பார்வை ஒரு மதத்தைப் பரப்ப வந்தவரின் பார்வை. நம் முன்னோர் போற்றிப் பயின்ற பகுதிகளும் அப்பார்வையில் குற்றமாகத் தோன்றின. இதனை நாம் ஏற்க வேண்டுவதில்லை.

ஆயினும், மர்டாக் கண்டித்ததோடு நின்றுவிடவில்லை. தாம் நல்லவை எனக் கருதிய நூல்களை எளிய நடையில், குறைந்த விலையில், தொடர்ந்து அச்சிட்டு வழங்கினார். 'இது வேண்டா' என்று சொல்பவன் 'இதோ, வேறொன்று' என்று கையில் கொடுக்கவும் கடமைப்பட்டவன் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இதே உண்மையை இங்கிலாந்திலும் காண்கிறோம். அங்கே ஒரு பென்னிக்கு விற்ற திகில் கதைகளைச் சிறுவர் விரும்பிப் படித்தனர். பெற்றோரும் பாதிரிமாரும் பதறினர். பதற்றத்தால் பயன் விளையவில்லை. சமயச் சிறுநூற் சங்கத்தார் 1879-இல் 'பாய்ஸ் ஓன் பேப்பர்' என்னும் வார இதழைத் தொடங்கி, வீரச் செயல்களும் கடற்பயணங்களும் நிறைந்த கதைகளை அதே ஒரு பென்னி விலைக்குக் கொடுத்தனர். அவ்விதழ் பல்லாண்டுகள் நிலைத்தது. அதே 1879-ஆம் ஆண்டில்தான் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்து தமிழில் நாவலுக்கு வழிதிறந்தது. தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையை நீக்குவதே அவர் நோக்கமாக இருந்தது.

அதற்குப் பின் முப்பது ஆண்டுகள் கழிந்தன. ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் ஆகியோரின் துப்பறியும் நாவல்கள் எங்கும் பரவின. துப்பறியும் கோவிந்தனும் திகம்பர சாமியாரும் வீட்டுப் பெயர்களாயினர். இரயில் நிலையங்களிலும் கடைத்தெருக்களிலும் அவை விற்றன. மாணவர்கள் பாடப் புத்தகத்துக்குள் நாவலை மறைத்து வைத்துப் படிக்கலாயினர். உடனே பழைய வழக்கு மீண்டும் உயிர் பெற்றது. நாவல் காலத்தை விழுங்கும், கல்வியைக் கெடுக்கும், இளம் மனத்தில் தீய ஆசைகளை விதைக்கும் என்று இதழ்களில் எழுதினர். பெண்கள் நாவல் படிப்பதையும் கடிந்தனர்.

அக்கண்டனத்துக்கு அறிஞர் இருவர் அளித்த விடை நம் சிந்தனைக்கு உரியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்த நாளில் அங்கே தமிழாசிரியராக விளங்கியவர் மறைமலையடிகள். ஆங்கிலத்தில் ரெயினால்ட்ஸ் எழுதிய கதை ஒன்றைத் தழுவி, 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' என்னும் நாவலைத் தமிழில் அமைத்தார். மக்கள் திரளுக்காக எழுதிய ரெயினால்ட்ஸைப் பெரும்புலவர் ஒருவர் எடுத்தாண்டது வியப்பன்றோ? மற்றொருவர் அ. மாதவையா. உப்புத் துறையில் அரசு அலுவல் பார்த்துக்கொண்டே 1898-இல் 'பத்மாவதி சரித்திரம்' வெளியிட்டார். குழந்தை மணம், பெண் கல்வி ஆகிய வாழ்க்கைச் சிக்கல்களை மறைக்காமல் கதையில் வைத்தார். 1925-இல், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமெனச் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சி மன்றத்தில் பேசி அமர்ந்தவர் அங்கேயே உயிர் நீத்தார். இவ்விருவரும் நாவலைப் பழிக்கவில்லை, நாவல் எழுதினர்.

விடுதலைக்குப் பின் சிறுவர்க்கான பதிப்புலகம் தழைத்தது. 1947-இல் 'அம்புலிமாமா' வந்தது. 1950-இல் ஆர்வி அவர்களை ஆசிரியராகக் கொண்டு 'கண்ணன்' மலர்ந்தது. குழந்தை எழுத்தாளர் சங்கமும் அதே ஆண்டில் தோன்றியது. 1972-இல் 'கோகுலம்' ஒருபுறமும், சிவகாசியிலிருந்து 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ் மறுபுறமும் புறப்பட்டன. படக்கதை படித்தால் படிப்பு கெடும் என்று பள்ளிகள் மீண்டும் பழைய பல்லவியைப் பாடின. அன்று அப்படக்கதைகளைப் படித்த பிள்ளைகள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டனர். அவர்களுள் பலர் நல்ல வாசகர்களாகவே இருக்கின்றனர்.

ஆனால் இவ்வளர்ச்சியில் ஓர் இடைவெளி இருந்தது. அம்புலிமாமாவை முடித்த பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அடுத்த படி பெரியவர்களின் தொடர்கதையே. அமெரிக்காவில் இந்த இடைவெளியை நிரப்பிய நூல்களுள் புகழ்பெற்றது, எஸ். இ. ஹின்டன் 1967-இல் வெளியிட்ட 'தி அவுட்சைடர்ஸ்'. அதனை எழுதத் தொடங்கியபோது அவர் பள்ளி மாணவி. தம் வயதினரின் வாழ்வு நூல்களில் காணப்படவில்லையே என்ற குறையே அவரை எழுத வைத்தது.

தமிழிலும் இப்படி இப்போது அமைந்து வருகிறது. பால சாகித்திய புரஸ்கார் விருதினை 2020-இல் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பெற்றது. பிள்ளைகள் மீது நிகழும் பாலியல் சீண்டலைப் பேசும் கதை அது. 2023-இல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' அதே விருதைப் பெற்றது. இத்தகைய பொருளைப் பிள்ளைகளிடம் பேசலாமா என்பது சிலரது வினா. பேசாத மௌனத்தால் காப்பாற்றப்பட்ட பிள்ளை எது என்பது என் வினா.

இனி விலையைப் பற்றி ஒரு சொல். தமிழ் நூலுக்கு ஒரு பதிப்பு ஆயிரம் படிகள் என்பது நெடுங்கால வழக்கம். இப்போது சில நூறு படிகளே அச்சிடுவோர் பலர். படிகள் குறைந்தால் ஒரு படியின் அடக்க விலை ஏறும். விலை ஏறினால் மாணவன் வாங்க இயலாது. அவன் வாங்காவிடில் படிகள் மேலும் குறையும். இச்சுழலை அறுப்பதற்குப் பொதுநூலகமே கருவி. சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948-இல் இயற்றப்பட்டது. அதன்படி நம் வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்கேற்ற நூல் என்று எஸ். ஆர். அரங்கநாதன் 1931-இல் வகுத்த விதி, பதினைந்து வயது வாசகனுக்கும் உரியதே.

இந்த வரலாறு கூறும் பாடம் யாது? தடுத்தவர் எவரும் வென்றதில்லை. மேலான நூலை, அதே சுவையோடு, எட்டக்கூடிய விலையில் கொடுத்தவர்களே வென்றனர். மற்றொன்றும் உண்டு. இவ்வழக்கில் பாதிரியார் பேசினார், புலவர் பேசினார், பதிப்பாளர் பேசினார், என்னைப் போன்ற ஆசிரியரும் பேசினர். நூலைப் படித்த இளைஞனை மட்டும் எவரும் சாட்சிக் கூண்டுக்கு அழைக்கவில்லை.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியுமுன் ஏலக்குரல் கேட்டு வளரும் பிள்ளைகள் இருக்கின்றனர். 2023 டிசம்பரில் பெருவெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியதையும், அதே மாதத்தில் அம்மோனியா வாயு கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடியதையும் கண்ட மாணவர்கள் இருக்கின்றனர். திருவொற்றியூரில் கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்களின் மேல் அமர்ந்து பாடம் படிப்போரும் உண்டு. இவர்கள் தம் வாழ்வை ஒரு நாவலில் காண்பது இன்னும் அரிதாகவே உள்ளது. அன்று குஜிலிப் பாட்டுக்காரன் ஊரில் நடந்ததைச் சில நாட்களுக்குள் அச்சேற்றினான். அவன் நடை கரடுமுரடானது. ஆனால் அவன் தன் வாசகனின் தெருவை அறிந்திருந்தான். நயமும் அறிவும் கூடிய இக்காலத்து எழுத்துக்கு அந்த அண்மை வேண்டும்.

ஆகவே, மாணவ நேயர்களே, பெரியோர் தரும் பட்டியலைப் பணிவோடு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் இல்லாத நூலையும் தேடிப் படியுங்கள். படித்தபின் நன்று எனின் ஏன் நன்று, தீது எனின் ஏன் தீது என்று இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். உங்கள் தெருக் கிளை நூலகத்தில் உங்கள் வயதுக்குரிய நூல் இல்லையெனில், வேண்டும் என்று நூலகரிடம் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. உங்களுள் சிலர் எழுதவும் தொடங்குவீர்களாயின், நெடுங்காலமாக நடக்கும் இவ்வழக்கில் இதுவரை கேட்கப்படாத சாட்சி பேசத் தொடங்கிவிட்டது என்று பொருள்.