இசைத்தட்டில் நிலைத்த குரல்கள்

இசையால் இறைவனை வழிபடுதல் தமிழர்தம் தொன்மையான மரபாகும். தேவாரத்தின் சொற்களை ஓலைச்சுவடிகள் காத்துத் தந்தன. ஆனால் அவற்றைப் பாடிய குரல்களைக் காக்க நெடுங்காலம் வழியில்லாதிருந்தது. அக்குறையைத் தீர்க்க வந்ததே இசைத்தட்டு.

1902 நவம்பரில் ஃபிரெட் கைஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவில் கௌஹர் ஜான் அம்மையாரின் பாடல்களைப் பதிவு செய்தார். மறு ஆண்டே அவர் நம் சிங்கப்பூருக்கும் வந்து ஒலிப்பதிவு செய்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அரக்குக் கலந்து செய்யப்பட்ட அத்தட்டுகள் பின்னர் நிமிடத்திற்கு 78 சுற்று என்னும் வேகத்தில் நிலைபெற்றன. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிட இசையே அடங்கும். ஆதலின் மணிக்கணக்கில் ராகம் விரித்துப் பழகிய வித்துவான்கள் பலர் தொடக்கத்தில் தயங்கினர். துணிந்து முன்வந்தோருள் சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலிய பெண்மணிகள் குறிப்பிடத்தக்கவர்கள். தாயியின் இசைத்தட்டில் உள்ளம் பறிகொடுத்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாஜ், அதனைத் தழுவிக் குரலுக்கும் பியானோவுக்குமென 'ராகமாலிகா' என்னும் உருப்படியை இயற்றினார். நாகரத்தினம்மாளோ தம் செல்வத்தைத் திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதிக்குக் கோயில் எழுப்பச் செலவிட்டு, 1925-ல் குடமுழுக்கும் கண்டார்.

கோயில் இசையின் உச்சத்தை அறிய விரும்புவோர் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) அவர்களின் தோடி இசைத்தட்டைக் கேட்டல் வேண்டும். திருவீதி உலாவில் பிறந்த நாகசுர இசை, அத்தட்டின் வழியே இல்லந்தோறும் புகுந்தது. 1963-ல் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடிப் பதிவான வேங்கடேச சுப்ரபாதமோ, இன்றும் எண்ணற்ற இல்லங்களைத் துயிலெழுப்புகிறது.

சிங்கையில் 1949-ல் சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் தோன்றி இசை பயில வழிகோலியது. ஆயினும் சென்னைச் சபைகளிலிருந்து கடல் கடந்து வாழ்ந்தோர்க்கு இசைத்தட்டும் வானொலியுமே அன்றாடச் சபைகள். கிராமபோன் பெட்டியைச் சுற்றிப் பலர் அமர்ந்து கேட்கையில், "இது என்ன ராகம்?" என்று சிறியவர் வினவுவதும், பெரியவர் விளக்குவதும் இயல்பாக நிகழ்ந்தன. கேள்விச் செல்வம் அவ்வாறே வளர்ந்தது.

இன்று கைப்பேசியில் வேண்டிய பாடலை நொடியில் கேட்கிறோம். ஆனால் பெரும்பாலும் தனித்தே கேட்கிறோம். பாட்டனார் சேர்த்த தட்டுகளும் ஒலிநாடாக்களும் வீடு மாறும்போது பழம்பொருள்களோடு கழிக்கப்பட்டுவிடுகின்றன. அரக்குத் தட்டு தவறி விழுந்தால் உடைந்துவிடும். அவ்வொலி வேறு படியில் இல்லையெனில் என்றென்றைக்கும் மறைந்ததே. தட்டு பிழைத்தாலும், அதில் மிருதங்கம் வாசித்தவர் யார் என்பது போன்ற செய்திகள் பலவற்றில் அச்சிடப்பட்டிருப்பதில்லை. அவற்றை அறிந்த முதியோர் மறைந்தால் அந்த அறிவும் மறையும்.

ஆதலின் அன்பர்கள் தம் இல்லத்துப் பழைய பதிவுகளைக் கழிக்குமுன், வீட்டு மூத்தோருடன் அமர்ந்து ஒருமுறை கேட்டு, அவர்கள் கூறுவனவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். இசையறிந்த நண்பர்க்கும் அவற்றைக் கேட்கத் தருதல் வேண்டும். பூட்டிய பெட்டியில் கிடக்கும் தட்டு ஊமை. பலர் கூடிக் கேட்கும்போதே அது மீண்டும் பாடுகிறது. இத்திருவிழா நன்னாளில் அத்தகைய நற்பணியை நம் இல்லங்களில் தொடங்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக!