காப்பாற்றப் போனவர்களைக் காப்பது யார்?

வேதியியல் படித்த எனக்கு, பாஸ்பரஸ் சேர்மம் என்றாலே டோக்கியோதான் ஞாபகம் வரும்.

1995 மார்ச் 20. ஓம் ஷின்ரிக்கியோ என்ற கூட்டத்தார் காலை நெரிசலில் ஐந்து சுரங்க ரயில்களில் சாரின் நஞ்சைக் கசியவிட்டார்கள். தீயணைப்புத் துறைக்கு முதலில் எட்டியதோ வெடிவிபத்து என்ற தகவல்! வீரர்கள் சும்மா நிற்பார்களா? தகுந்த கவசம் இல்லாமலே பலர் இறங்கிவிட்டார்கள். ‘இது சாரின்’ என்று போலீஸ் அறிவிக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆயிற்று. அதற்குள் துணியில் ஒட்டிய நஞ்சு, தூக்கியவர்களையும் டாக்டர்களையும் தாக்கியது. பணிக்குப் போன 1,364 தீயணைப்புத் துறையினரில் 135 பேருக்குப் பாதிப்பு. 2020-இல் இறந்தவரையும் சேர்த்து, பொதுமக்களும் ரயில் ஊழியருமாக 14 பேர் பலி.

துணிச்சலுக்குக் குறைவே இல்லை. என்ன நஞ்சு என்று தெரியாததுதான் குறை. அமெரிக்கா 1996-இல் இத்தகைய பயிற்சிக்கென்றே சட்டம் போட்டது. இன்றைய பாடம் இதுதான்: காற்று வரும் பக்கமாக நில், கவசம் போடு, நஞ்சைக் கண்டறி, பாதிக்கப்பட்டவரின் உடையைக் களைந்து, தண்ணீர்விட்டுக் கழுவு, பிறகுதான் ஆஸ்பத்திரி.

தம்பி தங்கைகளே, ஆய்வுக்கூடத்தில் புட்டிமேல் ஒட்டிய சீட்டைப் படிக்காமல் மூடியைத் திறக்காதீர்கள். அதுவும் இதே பாடந்தான்!